பத்தொன்பதாவது ஆள்

நாற்பத்து மூன்று வயதில், மனைவியும் அரசாங்க வேலையும் லேசான சர்க்கரையும் உள்ள ஒரு மனிதன், ஒரு விளையாட்டு விமானத்தின் இன்ஜினில் யாருக்கும் தெரியாமல் கள்ளத்தனம் செய்தான். அந்த மனிதன் நான்தான்.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் பைத்தியம் எனக்கு இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பிடித்தது. ரெட்டியார்பாளையத்து மச்சான் ஒரு சிடியைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போனான். உலகத்து விமான நிலையங்கள் எல்லாம் அதில் இருந்தன. நம் பாண்டிச்சேரி லாஸ்பேட்டைகூட ஒரு சாம்பல் பட்டையாகக் கிடந்தது. விளையாட்டோடு வந்த விமானங்கள் எனக்குப் போதவில்லை. வெளிநாட்டில் யாரோ ஒரு புண்ணியவான் தன் வீட்டில் உட்கார்ந்து செய்து இணையத்தில் இனாமாகப் போட்டிருந்த ஒன்றை, பிரவுசிங் சென்டரில் இறக்கிக் கொண்டுவந்து சேர்த்தேன். இரண்டு இன்ஜின், பத்தொன்பது இருக்கை. ஒரு காலத்தில் லாஸ்பேட்டைக்கும் சென்னைக்கும் நிஜமாகவே போய்வந்த வகை.

என் கையில் அது தரையை விட்டு எழும்புவேனா என்றது. மூன்று தடவை ஓடுபாதையைத் தாண்டி வயலில் போய் நின்றது. மச்சான் பக்கத்தில் நின்று சிரித்தான்.

இப்படி வெளியிலிருந்து சேர்க்கும் விமானங்களில் ஒரு வசதி உண்டு. எடை, சக்கரம், பெட்ரோல் டாங்கி, இன்ஜின் என்று அதன் ஜாதகம் முழுவதும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் வரிவரியாக இருக்கும். நோட்பேடில் திறந்து ஓர் எண்ணை மாற்றினால் விமானமே மாறிவிடும். இன்ஜின் சக்திக்கான வரியில் ‘1.0’ என்றிருந்தது. நான் அதை ‘1.3’ ஆக்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் கண்ணெதிரே விமானம் காக்காய் மாதிரி எழும்பியது. “எல்லாம் பழக்கம்தான்டா, கை பேசணும்” என்றேன். அவன் அதை ஊரெல்லாம் சொன்னான். நான் தடுக்கவில்லை.

இந்த அற்பத்தனத்துக்கு நடுவில் வந்து மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். பெயர் வேண்டாம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒரு பார்சல் ஆபீசில் எடை போடும் வேலை. அதற்கு முன், அந்தச் சின்ன விமானம் வந்துபோன நாட்களில், லாஸ்பேட்டையில் ஏற்றும் எடைக்குப் பொறுப்பாக இருந்தவர். பத்தொன்பது பேர் போகும் விமானத்தில் கொஞ்சம் கனத்த மனிதர் ஒருவர் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு மாறினால் விமானத்துக்கே தெரிந்துவிடுமாம். அதனால் ஒவ்வொருவரையும் தராசில் நிறுத்தி, பையை எடைபோட்டு, எண்ணை ஒரு தாளில் எழுதி, இவர் முன்னால், அவர் பின்னால் என்று உட்காரவைக்க வேண்டும். லோடு ஷீட் என்ற அந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கதவை மூடுவார்கள்.

பிறகு விமானம் நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை.

முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, காபி கொண்டுவந்த என் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

“அறுபத்தெட்டு” என்றார்.

“என்னது அண்ணே?”

“தம்ளரோட.”

டாக்டரிடம்கூட அறுபத்தொன்று என்று சொல்லிவந்தவள் என் மனைவி. அன்று சாயங்காலம் மருந்துக் கடைத் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன காட்டியது என்று இன்றுவரை சொல்லவில்லை. “இனிமே அந்த ஆளு வந்தா நீங்களே காபி போட்டுக் குடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

அவர் யாரையும் குண்டு என்றோ ஒல்லி என்றோ சொல்லிக் கேட்டதில்லை. “குண்டுன்னா திட்டுற மாதிரி ஆயிடும் சார். நம்பர் சொன்னா நம்பர்தான், அதுல என்ன கோவம்?” என்பார். கோபம் இருக்கத்தான் செய்தது. பிள்ளைச்சாவடியில் மீன் வாங்கப் போனால், கூடை தராசுக்கு வருமுன்பே “பதினாலு” என்று முணுமுணுப்பார். “இன்னாய்யா, தராச முழுங்கிட்டு வந்தியா? அந்தாண்ட போய் நில்லு” என்று மீன்காரப் பெண்கள் விரட்டுவார்கள். அவர் அந்தாண்ட போய் நின்றுகொண்டு அடுத்த கூடையைப் பார்த்து “ஒம்பதரை” என்பார்.

டெம்போவில் அவரோடு போவது தனி அனுபவம். வண்டி நிரம்பியதும் இறங்கிப் பின்னால் நின்று ஒரு நோட்டம் விடுவார். “அம்மா, நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க. தம்பி, நீ டிரைவராண்ட போ. சார், நீங்க கொஞ்சம் நடுவுல.” நான்தான் எப்போதும் அந்த நடுவில்.

“யோவ், இது என்ன ஏரோப்ளேனா?” என்று டிரைவர் கத்துவான்.

“அதுக்காவது ரெண்டு றெக்க இருக்குப்பா. இதுக்கு அதுவும் இல்ல.”

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர், எட்டுக் கிலோ என்று சொல்லிப் பத்தரைக் கிலோ பையை ஏற்றப் பார்த்த கதையை அடிக்கடி சொல்வார். பையிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்து வெளியே வைத்தாராம். “அரை மணி நேரம் பிரெஞ்சுலயே திட்டினாரு சார். எனக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்சிருந்தாலும் பத்தரை பத்தரைதானே? ஒரு கிலோ பொய் சொன்னா அது எங்க போவும்? மேல போவாது. கீழதான் வரும்.”

மச்சான் பரப்பிய புகழ் அவர் காதுக்கும் போனது. ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பிட்ட கையோடு வந்துவிட்டார். மேகத்தைக் காட்டினேன், கடலைக் காட்டினேன், பாரதி பூங்கா இருக்கவேண்டிய இடத்தைக் காட்டினேன். எதையும் பார்க்கவில்லை.

“ஆளுங்க எங்க சார்?”

கோப்பைத் திறந்து காட்டினேன். விமானத்தைச் செய்த புண்ணியவான், பயணிகளின் மொத்த எடையையும் ஒரே வரியில் போட்டு, வாலுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் வைத்திருந்தார். இவர் தூரத்தை மனதுக்குள் கணக்குப் போட்டார்.

“எல்லாரையும் கொண்டுபோய்க் கக்கூஸ்ல நிக்க வெச்சிருக்காரு சார் அந்த வெள்ளைக்காரரு. பாவம், விமானம் எப்படி ஏறும்?”

அதற்குப் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த விமானத்தைப் பிரித்து மேய்ந்தோம். ஒரு இருக்கைக்கு ஒரு வரி. மூக்கிலிருந்து எத்தனை அடி, இடமா வலமா, எத்தனை எடை. கோப்பில் எல்லாம் பவுண்டு கணக்கு. அவர் கிலோவில் சொல்லி, நான் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் பவுண்டில் சொல்லிவிடுவார். அந்த நாட்களில் எழுதிய ஒரு பழைய நோட்டும் கொண்டுவருவார். “காலி விமானம் இவ்ளோ இல்ல சார், நாப்பது கிலோ கூடப் போடுங்க. ரெண்டு தடவ பெயிண்ட் அடிச்சாங்க.” பெட்டிகள் வைக்கும் இடத்தில் சைபர் போடச் சொன்னார். இருக்கைகளுக்கு அவர் சொன்ன எடைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. எழுபத்தொன்று, ஐம்பத்தாறு, எண்பத்து மூன்று என்று நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். சும்மா ஏதோ பழைய பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது ஞாயிறு, கோடு போட்ட தாள் ஒன்றோடு வந்தார். மேலே எடைகள், கீழே அவருடைய கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.

“இன்ஜின் பக்கம் யாரு பாத்தது?”

“நான்தான் அண்ணே.”

“எல்லாம் அந்த வெள்ளைக்காரரு குடுத்தபடி இருக்குதா?”

“இருக்கு.”

“அப்ப இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. இன்ஜின் என் டிபார்ட்மென்ட் இல்ல. மெக்கானிக்கு கையெழுத்துப் போட்டா நான் தொறந்து பாக்க மாட்டேன். நான் போட்டா அவரு திருப்பி எடை போட மாட்டாரு. அப்படித்தான் ஓடிச்சு.”

பேனாவை வாங்கும்போது ‘1.3’ எனக்கு மறந்திருந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மறக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் நின்றது. சொன்னால் என் ‘கை பேசும்’ வித்தை அம்பலமாகும், மச்சான் வரை போகும். விளையாட்டுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது. ஆபீஸ் கோப்புகளில் போடும் அதே சுழித்த கையெழுத்தைப் போட்டேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வெயிலு முப்பத்தெட்டு டிகிரி வைங்க. காத்து வேணாம். பத்தொன்பதாவது சீட்டுல தொண்ணூத்தி நாலு போடுங்க, பையோட சேத்து. சக்கரம் தரைய விட்டதும் நான் சொல்லுவேன், எடது இன்ஜின அணைச்சிடுங்க.”

“எதுக்கு அண்ணே?”

“ரெண்டு ஓடுறப்ப யாரு வேணா தூக்கிடலாம் சார். ஒண்ணு செத்தா மிச்சம் ஒண்ணு தூக்குமா? அதுக்குத்தான் இவ்ளோ கணக்கும்.”

ஓடினோம். சக்கரம் தரையை விட்டது. “இப்ப” என்றார். அணைத்தேன். விமானம் இடது பக்கம் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்தது, எதிரே இருந்த மரங்களுக்கு மேலே நிதானமாக ஏறிப் போனது.

“பாத்தீங்களா அண்ணே!” என்று நான் கையைத் தட்டினேன். கை தட்டினேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

“இன்னொரு தடவ” என்றார்.

மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் ஏறியது. அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நாங்கள் போட்ட எடைகள் எல்லாம் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மே மாதத்து மத்தியானத்தின் தாளில் இருந்தவை. பத்தொன்பதாவது ஆள், மார்க்கெட் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருந்த பாய். கடைசியாக ஓடிவந்தார். சென்னை ஆஸ்பத்திரியில் அவருடைய தம்பி நினைவு தப்பிக் கிடந்தார். அவரை ஏற்றினால் அன்றைய வெயிலுக்குத் தாங்கும் எடையைவிட அறுபது கிலோ கூடுதல்.

“பொட்டியெல்லாம் ஏற்கெனவே எறக்கிட்டேன் சார். யாராவது ஒருத்தர் எறங்கிக்கிறீங்களான்னு ஒவ்வொருத்தரா கேட்டேன். யாரும் எறங்கல. கடைசியா வந்தவரத்தான் எறக்கணும், அது ரூல்சு. கைய புடிச்சி எறக்கினேன். காரு புடிச்சிப் போனாரு. போய்ச் சேர்றதுக்கு அரை மணி முன்னாடி தம்பி போயிட்டாரு.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தொடர்ந்தார்.

“ஒரு ஆளு ஏறினா கவுந்துடுமான்னு ஊரே கேட்டுச்சு. பாய் ஒரு வார்த்த கேக்கல. பேசுறத நிறுத்திட்டாரு, அவ்ளோதான். ஏத்தி, ஒரு இன்ஜினும் நின்னிருந்தா பத்தொம்பது பேரும் போயிருப்பாங்கன்னு நெனச்சித்தான் சார் நான் இத்தன வருஷம் தூங்கினேன்.”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ‘அண்ணே, இன்ஜினில் ஒரு தப்பு இருக்கு’ என்ற ஐந்து வார்த்தை போதும். வாயைத் திறந்தேன். “காபி சாப்பிடுறீங்களா?” என்று கேட்டேன்.

வேண்டாம் என்று எழுந்து போனார்.

அந்த வாரமே தெருமுனையில் எதிர்ப்பட்டார். “பாய் கடைக்குப் போயிட்டு வந்துட்டேன் சார். நான் செஞ்சது தப்பு, உங்கள ஏத்தியிருக்கலாம்னு சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. தண்ணி குடுத்தாரு.”

அதற்குப் பிறகு அவர் எடை சொல்வதை நிறுத்திவிட்டார். எங்கள் தெருக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வேன் வைத்துப் போனோம். எல்லோரும் ஏறாமல் அவர் எங்கே உட்காரச் சொல்வார் என்று சிரித்துக்கொண்டு நின்றார்கள். “எங்க வேணா உக்காருங்க, ஒண்ணும் ஆவாது” என்று சொல்லிவிட்டு ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து திண்டிவனம் வரை அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு போனேன்.

இடையில் நான் சும்மா இருந்ததாக நினைக்க வேண்டாம். யாரும் இல்லாதபோது இன்ஜினைப் பழையபடி ‘1.0’ ஆக்கினேன். அதே வெயில், அதே எடை, அதே இடது இன்ஜின். பாயோடு ஆறு தடவை ஓட்டினேன். ஆறு தடவையும் மரத்தில் போய் விழுந்தது. பாய் இல்லாமல் ஆறு தடவை ஓட்டினேன். நான்கு தடவை மரத்தை உரசிக்கொண்டு ஏறியது. மற்ற இரண்டும் என் கை பேசியதால் வந்த விபத்து. அவர் செய்தது சரி என்பது உலகத்திலேயே எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதைத் தெரிந்துகொண்டு நான்கு மாதம் ஆபீஸ் போய்வந்தேன், இட்லி சாப்பிட்டேன், பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை இரண்டு எழுதினேன். ஒன்று, மனிதர்களின் கோழைத்தனம் பற்றி. நன்றாக வந்திருப்பதாக ஆசிரியர் கடிதம் போட்டார்.

கடைசியில் என் மனைவிதான் பிடித்தாள். “அண்ணன் நேத்து வழியில பாத்தாரு. நானே வாய் விட்டு எவ்ளோண்ணேன்னு கேட்டேன். ‘தெரியலம்மா’ங்கிறாரு. என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

சொன்னேன். காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள்.

“நாளைக்கே போய்ச் சொல்லுங்க.”

ஒன்பது நாள் கழித்துப் போனேன்.

அவர் வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போன மன்னிப்பு வாக்கியங்கள் எல்லாம் இலக்கணச் சுத்தமானவை. அவர் அவற்றைக் காதிலேயே வாங்கவில்லை.

“எவ்ளோ கூட்டி வெச்சிருந்தீங்க?”

“நூத்துக்கு முப்பது.”

“சரியா வெச்சி ஓட்டினீங்களா?”

“ஆறு தடவ. ஏறல.”

“பாய் இல்லாம?”

“நாலு தடவ ஏறுச்சு. ரெண்டு தடவ நான் தப்பா ஓட்டிட்டேன்.”

உள்ளே போய் அந்தத் தாளை எடுத்துவந்தார். என் கையெழுத்துக்கு மேலே 1.3 என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் மறுபடி கையெழுத்து வாங்கினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டார்.

“எங்க அண்ணே?”

“பாய் கடைக்கு. தப்பான கணக்கச் சொல்லிட்டு வந்துட்டேனே, திருத்தணும் இல்ல?”

“நானும் வரட்டுமா?” என்றேன், அவர் வேண்டாம் என்று சொல்லிவிடும் குரலில்.

“வேணாம் சார். லோடு ஷீட்டு என்னுது” என்று நடந்து போய்விட்டார்.

மறு வாரம் எங்கள் வாசலைத் தாண்டும்போது, கோலம் போட்டுக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்து, “எழுபது” என்று ஒரு குரல் கேட்டது. “ஐயையோ, ரெண்டு ஏறிடுச்சா அண்ணே?” என்று அவள் சிரித்தாள். என்னைப் பார்த்து அவர் தலையை மட்டும் அசைத்தார். கம்ப்யூட்டர் பக்கம் அதற்கப்புறம் வரவே இல்லை. டெம்போவில் பார்த்தால் எல்லோரையும் இடம் மாற்றி உட்காரவைப்பார். என்னை மட்டும், இருக்கிற இடத்தில் விட்டுவிடுவார்.

பாயிடம் நான் நேரில் சொல்லவேண்டியது பாக்கி இருந்தது. அது எனக்கும் தெரியும். இரண்டு மாதம் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு ஒரு நாள் கடைக்குப் போனேன். படி ஏறும்வரை தைரியம் இருந்தது. கல்லாவில் தாடி நரைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். “வாங்க சார், என்ன பாக்குறீங்க?” என்றார்.

“பெட்ஷீட்” என்றேன்.

அவரே எழுந்துவந்து நாலைந்தை எடுத்து விரித்துப் போட்டார். நான் ஒரு நீலக் கட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“கருவடிக்குப்பத்துல கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டுறவரு நீங்கதானே?”

தலையை ஆட்டினேன்.

“மொத தடவ வந்து, ‘நான் தப்பு பண்ணிட்டேன் பாய்’னு நின்னாரு. ரெண்டாவது தடவ வந்து, ‘இல்ல பாய், நான் செஞ்சதுதான் சரி, உங்கள ஏத்தியிருக்கக் கூடாது’ன்னு நின்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு சார். மன்னிப்புக் கேட்டுட்டு வந்து வாபஸ் வாங்குற ஆள எங்கயாவது பாத்திருக்கீங்களா? உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்கன்னேன். இப்ப வெள்ளிக்கெழமையானா வந்துட்டுப் போறாரு.”

இதுதான் இடம் என்று எனக்குத் தெரிந்தது. அவரும் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் வேறு யாரும் இல்லை.

“இது சாயம் போகாதே பாய்?” என்றேன்.

“போவாது” என்று நீலக் கட்டத்தை மடிக்க ஆரம்பித்தார். மடித்து, காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி என் கையில் கொடுக்கும்போது சொன்னார்:

“நீங்க ஒரு நாள் வருவீங்க, எதையாவது வாங்கிக்கிட்டுப் போயிடுவீங்கன்னு அவரு அன்னைக்கே சொன்னாரு.”